பெட்டிக்கு மூச்சு எடுக்கத் தெரியாது

ஆள் வெளிநாடு போனால் வீடு பூட்டிக் கிடக்கும், காணியில் பற்றை வளரும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. கீபோட் வாசித்தவர் வெளிநாடு போனால் என்ன நடக்கும் என்பது கோயில் பாடகர் குழுக்களுக்குத்தான் தெரியும். கீபோட் அதே இடத்தில் இருக்கும். மேலே துணி போர்த்தி, பக்கத்தில் மெழுகுதிரிப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். குழு துணையில்லாமல் பாடும். முதல் சரணம் தொடங்கிய சுருதியும் கடைசிச் சரணம் முடிகிற சுருதியும் ஒன்றாக இருக்காது.

எங்கட ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் 12 வருடம் வாசித்த அண்ணா 2023இல் போனார். போக முன்னம் ஒரு வேலை செய்து வைத்தார். குழு வழக்கமாகப் பாடுகிற 11 பாட்டுகளையும் வீட்டில் தனியே இருந்து வாசித்து, கீபோட்டிலேயே பதிந்து, ஒரு பென் டிரைவில் போட்டுக் குழுவை நடத்துகிற ரீச்சரிடம் கொடுத்தார். ரீச்சரிடமிருந்து அது எங்களிடம் வந்தது. நாங்கள் மூன்று பேர், மூவரும் கலைப்பீடம். எங்களில் ஒருத்தி சாதாரண தரம் வரை சங்கீதம் படித்தவள். மற்ற இரண்டு பேருக்கும் லப்டொப் கொஞ்சம் கையாளத் தெரியும். "பிள்ளையள், உதை எங்கட பாட்டுக்குப் போடக்கூடிய மாதிரி ஒருக்காச் சரிப்பண்ணித் தாங்கோ" என்றார் ரீச்சர். அந்த வேலையில் நாங்கள் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பென் டிரைவில் இருந்தவை மிடி ஃபைல்கள். எம்பி3 ஃபைலைப் போல மிடி ஃபைலுக்குள் சத்தம் இருக்காது. எந்தக் கட்டையை எப்போது அமத்தினார், எவ்வளவு வேகமாக அமத்தினார், எப்போது விட்டார் என்ற விபரம்தான் இருக்கும். 1983இல் வேறு வேறு கம்பனிகளின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று உருவாக்கப்பட்ட முறை இது. கட்டை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண் உண்டு, நடு ஸ்தாயி 'சி' 60. அமத்துகிற விசைக்கும் 127 வரை எண். விபரம் மட்டும் என்பதால் ஃபைல் மிகச் சின்னது, ஒரு முழுப் பாட்டே சில பத்து கிலோபைட்தான். சுருதியை இரண்டு கட்டை இறக்க வேண்டுமென்றால் எண்களில் இரண்டைக் கழித்தால் போதும். வேகத்தைக் குறைத்தாலும் குரல் இழுபடாது. ஒருவர் வாசித்ததைப் பிறகு ஆளுக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி மாற்றக்கூடிய வசதி இது. துணையிசைக்கு மிடி நல்லதென்று சொல்வது இதனால்தான்.

ஆனால் மிடி ஃபைலுக்கு எழுத்து தெரியாது. 68ஆம் கட்டையை 'ஜி ஷார்ப்' என்று எழுதுவதா, 'ஏ ஃப்ளாட்' என்று எழுதுவதா என்று அதில் இல்லை. எந்த இடத்தில் ஒரு பார் முடிகிறது என்பதும் இல்லை. அண்ணா மெட்ரோனோம் போடாமல் வாசித்திருக்கிறார். கீபோட்டோ தன் பாட்டுக்கு நிமிடத்துக்கு 120 அடி என்று குறித்து வைத்திருக்கிறது. அவர் வாசித்த வேகம் 72க்குக் கிட்ட. ஆகவே இசைக்குறியீட்டு மென்பொருளில் அதைத் திறந்தால் பார்க் கோடுகள் கண்ட இடமெல்லாம் விழும். நான்கு அடி கொண்ட எளிய கீர்த்தனை, துண்டு துண்டான சுரங்களும் அவற்றுக்கிடையில் நுளம்பு போலச் சின்னச் சின்ன மௌனக் குறிகளுமாகத் தெரியும். இதில் மென்பொருளின் குற்றம் ஒன்றும் இல்லை. மனிதர் வாசித்ததை அப்படியே மில்லிசெக்கன் கணக்கில் எழுதினால் இப்படித்தான் வரும்.

இதற்கு எல்லாரும் சொல்கிற மருந்து குவாண்டைஸ். ஒவ்வொரு சுரத்தையும் கிட்டடியில் இருக்கிற அடிக்கு, அல்லது அடியின் கால் பங்குக்கு இழுத்து ஒட்டவைக்கிற வேலை அது. தாளை அச்சடிக்க அது கட்டாயம் தேவை. ஆனால் துணையிசையாகப் போட்டுப் பாடும்போது வேறு பிரச்சினை. எங்களில் ஒருத்தி, குவாண்டைஸ் செய்யாத மூலத்தையும் செய்த பிரதியையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சின்னத் தாமதம் இருந்தது. முதல் இரண்டு வரிகளுக்குப் பிறகு சுமார் 0.3 செக்கன். மூன்றாவது வரிக்குப் பிறகு 0.9 செக்கன். நிமிடத்துக்கு 72 அடி வேகத்தில் ஒரு அடி என்பது 0.83 செக்கன்தான். அப்படியென்றால் அந்த இடத்தில் ஒரு முழு அடிக்கு மேல் பாட்டு நிற்கிறது. தற்செயலாக இருக்கலாம் என்று மற்றச் சரணங்களையும் பார்த்தோம். நான்கிலும் அதே இடம், ஏறத்தாழ அதே அளவு. அண்ணா வீட்டில் தனியே இருந்து வாசித்தபோதும் குழுவுக்காக நின்று நின்றுதான் வாசித்திருக்கிறார்.

வட்ஸ்அப்பில் கேட்டோம். சிரித்தார். "அதிலதான் பின் வாங்கில இருக்கிற அன்ரி மூச்சு எடுக்கிறவா. அவ எடுக்காமல் நாங்கள் அடுத்த வரிக்குப் போனால் அந்தப் பக்கம் முழுக்க விழுந்திடும். கை தானா நிண்டிருக்கும், எனக்கே தெரியாது."

அந்த அன்ரி இப்போது இல்லை. போன வருடம் காலமாகிவிட்டார். ஆகவே அந்தத் தாமதத்தை எடுப்பதா விடுவதா என்று எங்களுக்குள் ஒரு கதை வந்தது. எடுத்தால் பாட்டு ஒழுங்காக ஓடும், இளம் பிள்ளைகளுக்கும் பாட இலகு என்றது ஒரு பக்கம். ஒரு மனிசியின் மூச்சை எப்படி அழிக்கிறது என்றது மற்றப் பக்கம். கடைசியில் ரீச்சரிடமே கேட்டோம். அவருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "அதில இப்ப எல்லாரும் மூச்சு எடுத்துப் பழகிட்டுது. நீங்கள் எடுத்தீங்களெண்டால் ஒருத்தரும் பாடேலாது. விடுங்கோ." ஒருவருக்காக விட்ட இடம் குழுவின் பழக்கமாகி, பாட்டின் அமைப்பாகவே மாறியிருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த விதம் இது. பாட்டின் சுரங்களை மிடியிலிருந்து எடுக்கவில்லை. 16 பார் உள்ள ஒரு கீர்த்தனையைக் காதால் கேட்டு மியூஸ்ஸ்கோரில் கையால் எழுத அரை மணித்தியாலம் போதும். ஒழுங்கற்று வந்த ஃபைலைத் திருத்த அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அண்ணாவின் ஃபைலிலிருந்து நாங்கள் எடுத்தது மூன்று விடயங்கள்: எங்கே நிற்கிறார், எங்கே அழுத்துகிறார், எங்கே இடக்கை பேசாமல் இருக்கிறது. நிற்கிற இடங்களை மூச்சுக் குறியாகப் போட்டு, அதன் பண்புகளில் எத்தனை செக்கன் நிற்க வேண்டும் என்று எண்ணாக எழுதலாம். வரி முடிவில் வேகம் கொஞ்சம் தளர்கிற இடங்களுக்கு 72, 66, 72 என்று வேகக் குறிகளை வைத்து, அவை தாளில் தெரியாதபடி மறைத்துவிடலாம். பாடுகிறவர் கையில் இருக்கிற தாள் சுத்தமாக இருக்கும். ஸ்பீக்கரில் வருகிற பாட்டு நின்று நின்று போகும்.

இரண்டாவது, மெலடி. துணையிசை ஃபைல் செய்கிறவர்கள் பலரும் பாடுகிற மெட்டையே ஒரு புல்லாங்குழல் சத்தத்தில் மேலே ஓடவிடுவார்கள். புதுப் பாட்டைப் பழக அது உதவும். தெரிந்த பாட்டுக்கு அது தொந்தரவு. எங்கட கீர்த்தனைகளில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடங்கள் நிறைய. கீபோட்டில் அண்ணா அதைச் சில்லை உருட்டிச் செய்வார். குறியீட்டில் எழுதினால் அது வெட்டி வெட்டி வரும். குரல் ஒரு பக்கம் வழுக்க, ஃபைல் படிப்படியாக ஏற, இரண்டும் உரசும். ஆகவே மெலடியை முன்னிசைக்கு மட்டும் வைத்தோம். பாட்டு தொடங்கியதும் அதற்கு மௌனம். கீழே கோட்ஸும் பேஸும் மட்டும். கமகம் குரலின் வேலை, அதை ஆட்களிடமே விட்டுவிட்டோம்.

மூன்றாவது, சத்தம். 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியங்கள். ஓர்கன், வயலின், சக்ஸபோன் எல்லாம் உண்டு. இந்தப் பக்கத்து வாத்தியம் என்று தேடினால் 105ஆவது சித்தார், 112ஆவது செனாய். மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, நாதஸ்வரம் இல்லை. தாள வாத்தியங்களுக்கென்று 10ஆவது தடம் தனியே இருக்கிறது, அதில் கொங்கோ, பொங்கோ, மராக்காஸ் வரை இருந்தும் தபேலா கிடையாது. 10ஆவது தடத்தில் இருப்பதைத் தவறி வேறு தடத்துக்கு மாற்றினால் தாளம் முழுவதும் பியானோச் சுரங்களாகக் கொட்டும், கேட்கச் சிரிப்பு வரும். தபேலாவுக்குப் பதிலாகப் பொங்கோவை வைத்துப் பார்க்கலாம் என்றான் ஒருவன். ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. குழுவில் தபேலா வாசிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், அவரை வாசிக்கவிடச் சொன்னார். அது பெரிய உதவியாக முடிந்தது. ஃபைலில் தாளம் இல்லாததால், குழு கொஞ்சம் பிந்தினாலும் தம்பியால் இரண்டையும் இணைத்துக் கட்ட முடிகிறது.

ஓர்கன் சத்தம் கோயிலுக்குப் பொருத்தம் என்று தோன்றும். எதிரொலி கூடிய மண்டபத்தில் ஓர்கன் மட்டும் போட்டால் அடி எங்கே விழுகிறது என்று பின் வாங்குகளுக்குப் பிடிபடாது, எல்லாம் ஒரே இழுவையாகக் கேட்கும். அதனால் பியானோவை முன்னுக்கும் ஓர்கனைப் பின்னுக்கும் வைத்தோம். பியானோவின் தட்டு அடியைக் காட்டும், ஓர்கன் சுருதியைப் பிடித்துக்கொள்ளும். பேஸும் கவனிக்க வேண்டிய விடயம். லப்டொப்பில் ஹெட்ஃபோனோடு கேட்கும்போது இனிமையாக இருக்கிற ஆழமான 'சி', 65 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கோயிலில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் அதை வெளியே விடாது. பேஸை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி எழுதினால் 130 ஹெர்ட்ஸில் எல்லாருக்கும் கேட்கும். புளூடூத்தை நம்பாமல் வயரால் இணைப்பதும் நல்லது. புளூடூத்தில் பட்டனை அமத்தினதுக்கும் சத்தம் வருகிறதுக்கும் இடையில் ஒரு இழுவை இருக்கிறது.

நான்காவது, எத்தனை தரம். நற்கருணைப் பாட்டு வரிசை முடியும் வரை ஓட வேண்டும். ஒரு ஞாயிறு வரிசை நீளம், இன்னொரு ஞாயிறு கட்டை. தொடங்கினால் முடியும் வரை ஓடுகிற ஒரே ஃபைலாகக் கொடுத்தால், ஃபாதர் பீடத்தில் காத்துக்கொண்டு நிற்பார், அல்லது பாட்டு முடிந்த பிறகும் பாதிச் சனம் வரிசையில் நிற்கும். அதனால் முன்னிசை, சரணம், முடிவு என்று மூன்றாக வெட்டினோம். லப்டொப்புக்கு முன்னால் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும். ரீச்சர் தலையை ஆட்டினால் அடுத்த சரணம், கையை மடக்கினால் முடிவு. மென்பொருளில் ஸ்பேஸ் பார் ஒன்றுதான் இதற்கு வேண்டியது. தொடக்கத்துக்கு 'டிக் டிக்' என்று எண்ணவும் முடியாது, வழிபாட்டுக்குள் அது பொருந்தாது. ஆகவே முன்னிசையின் கடைசி இரண்டு பார்களை, கேட்கிறவருக்கு வாய் தானாகத் திறக்கிற மாதிரி, ஐந்தாம் சுரத்தின் கோட்ஸில் நிறுத்தி எழுதினோம். அண்ணா எப்போதும் அப்படித்தான் நிறுத்துவார்.

இயந்திரத்தை வைத்துப் பாடுகிறது பாட்டா என்று ஊரில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி புதிதில்லை. ஆர்மோனியத்துக்கும் இதே குற்றச்சாட்டு இருந்தது. அதன் சுரங்கள் அசையாதவை, கமகம் வராது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கி வைத்தது, அந்தத் தடை 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. அதே ஆர்மோனியம் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடைகளில் உயிராக இருந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று விருத்தத்தை இழுத்துக்கொண்டு போகிறபோது ஆர்மோனியக்காரர் கண்ணை அவர் முகத்தில் வைத்திருப்பார். பாடுகிறவர் எங்கே நிற்பார், எங்கே ஏறுவார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. சுரம் அசையாதென்றாலும் துருத்தி பிடிக்கிற கை பாடகரைக் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கவாத்தியம் என்று எங்கட ஆட்கள் பெயர் வைத்ததும் இதற்காகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால்தான் கேட்கலாம்.

ஃபைலுக்கு அந்தக் காது இல்லை. பாடுகிற நேரத்தில் அது யாரையும் கேட்காது. ஆகவே கேட்கிற வேலை முழுவதையும் முன்கூட்டியே ஒருவர் செய்து அதற்குள் வைக்க வேண்டியிருக்கிறது. ஃபைல் தயாரிப்பதற்கு முன்னம் நாங்கள் நான்கு ஞாயிறு குழுவோடு போய் இருந்தோம். யார் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சுரத்துக்கு மேல் ஆண் குரல்கள் மங்குகின்றன, எந்தச் சொல்லில் எல்லாரும் கொஞ்சம் நீட்டுகிறார்கள் என்று கொப்பியில் குறித்தோம். ஆண் குரல்களுக்காக மூன்று பாட்டுகளின் சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கினோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற துணையிசை ஃபைல்கள் ஏன் எங்கட சனத்துக்குச் சரிவருவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அவை நன்றாகத்தான் செய்யப்பட்டிருக்கும். ஆனால் வேறு யாருடைய மூச்சுக்கோ அளவெடுத்தவை.

ஒன்றுக்கு மட்டும் நாங்கள் ஃபைல் செய்யவில்லை. தவக்காலத்தில் எங்கட கோயிலில் பசாம் பாடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி போல ராகம் இழுத்து வாசிக்கிற வழக்கம் அது. தாளம் கிடையாது. வசனம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் ராகம். பாடுகிறவர் தொண்டை அடைத்து நின்றால் எல்லாரும் நிற்பார்கள். "பின்னால மெல்லிசா ஒரு மியூசிக் போட்டால் இளம் பிள்ளையளும் வருவினம்" என்று சிலர் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் முன்கூட்டிக் கேட்டு எழுதி வைக்கக்கூடிய எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு வருடமும் அழுகை வேறு இடத்தில் வரும். அதற்குக் கீழே ஒரு சுரத்தை ஓடவிட்டால் பாடுகிற அம்மம்மாக்கள் அந்தச் சுரத்துக்கு அடங்கிப் பாட வேண்டி வரும். முடியாதென்று சொல்லிவிட்டோம். ரீச்சரும் எங்கட பக்கம் நின்றார்.

மற்ற 11 பாட்டுகளும் இப்போது ஞாயிறுகளில் ஓடுகின்றன. சுருதி இறங்குவது நின்றுவிட்டது. சனம் திரும்பவும் சத்தமாகப் பாடுகிறார்கள். ஆனால் இந்த ஃபைல்களை நாங்கள் நிரந்தர ஏற்பாடாக நினைக்கவில்லை. மென்பொருளில் வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனி வரி எழுதி வைத்திருப்பதால், ஒன்றை மௌனமாக்கி மற்றதை ஓடவிடலாம். பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு தங்கச்சி சனிக்கிழமைகளில் கீபோட்டின் துணியை எடுத்துவிட்டு, இடக்கையை ஃபைலுக்குக் கொடுத்து வலக்கையை வாசித்துப் பழகுகிறாள். மூன்று பாட்டு பிடிபட்டுவிட்டது. போன கிழமை மூன்றாவது வரி முடிவில் ஃபைல் நிற்க முன்னமே அவளின் கை நின்றது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம். "ஒருத்தரும் இல்லை அக்கா, அதில மூச்சு எடுக்கோணும்தானே" என்றாள்.